அக்கி எழுதிய முதுகு

2018 சித்திரை. உடையவர் உற்சவத்துக்காக ஸ்ரீபெரும்புதூரே கூட்டமாக இருந்த நாட்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் ஸ்டோர்ஸிலிருந்து நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. இடது விலாவில் எரிச்சல் ஆரம்பித்து, இரண்டே நாளில் முதுகு வரை கொத்துக் கொத்தாகக் கொப்புளம். பார்த்ததுமே "அக்கி" என்றாள் என் மனைவி. எங்கள் தலைமுறைக்கு அக்கி என்றால் டாக்டர் கிடையாது, குயவர் வீடுதான். தெரிந்த பெரியவர் ஒருவர் காவியைக் குழைத்து எழுதி, நடுவில் ஒரு சிங்கமும் போட்டு அனுப்பினார். குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

அன்று சாயங்காலம் மகள் பேரனோடு வந்தாள். அவனுக்கு அப்போது நாலு வயது. சில மாதங்களுக்கு முன், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போதுதான் வயிற்றின் வலது பக்கம் கல் மாதிரி ஏதோ இருப்பதை மகள் கண்டுபிடித்தாள். குழந்தைக்கு வலியே இல்லை. வீட்டில் ஆளுக்கொரு தடவை அமுக்கிப் பார்த்தோம். அப்படி அமுக்கவே கூடாதாம்; கட்டி உடைந்தால் வயிற்றுக்குள் பரவிவிடும் என்று பிறகு டாக்டர் கடிந்துகொண்டார்.

வில்ம்ஸ் கட்டி என்று பெயர் சொன்னார்கள். மாக்ஸ் வில்ம்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் 1899-ல் இதைப் பற்றி எழுதியதால் அந்தப் பெயர். சிறுநீரகத்தில் வரும் புற்று, பெரும்பாலும் சின்னக் குழந்தைகளுக்கு. நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் பத்துக்கு ஒன்பது பிள்ளைகள் பிழைத்துவிடுகிறார்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள். பிறகு வின்கிரிஸ்டின் ஊசி. விடியற்காலை பூந்தமல்லி வழியாகச் சென்னைக்கு எத்தனை நடை! அந்த மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. சுடுகாட்டு மல்லி என்று நாம் வீட்டில் வைக்கத் தயங்குகிறோமே, அதே செடி. (படித்துவிட்டு யாரும் இலையைப் பறித்து மெல்லாதீர்கள், விஷம்.)

சரி, அந்தச் சாயங்காலம். மேல்சட்டை இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பேரன் ஓடிவந்து முதுகில் தொங்கிக்கொண்டு, சிங்கத்தை விரலால் தடவினான். காபியோடு வந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா, முதுகுல என்ன?"

"அக்கிம்மா. ஒண்ணுமில்லை, எழுதியாச்சு."

அவள் பதில் சொல்லவில்லை. குழந்தையை வெடுக்கென்று தூக்கிக் கை கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மறுநாள் காலையிலேயே வரச் சொன்னார்கள்.

அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. அக்கியும் சின்னம்மையும் ஒரே வைரஸ். சிறுவயதில் அம்மை வந்து இறங்கினாலும் கிருமி போவதில்லை. நரம்பின் வேரில் பதுங்கியிருந்து, வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது அக்கியாக எழும்புகிறது. கொப்புளத்து நீர் பட்டால், அம்மை வராத குழந்தைக்குச் சின்னம்மை வரும். சாதாரணக் குழந்தை தேறிவிடும். ஆனால் புற்றுக்குக் கொடுக்கும் மருந்து வெள்ளணுக்களையும் சேர்த்துக் குறைத்துவிடுவதால், இவன் மாதிரிக் குழந்தைகளுக்கு அது நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் இறங்கிவிடலாம். கட்டியை வென்ற பிள்ளைகளை அம்மை கொண்டுபோனதும் உண்டு. தடுப்பூசியும் அந்தச் சமயத்தில் போட முடியாது. அது உயிருள்ள கிருமியால் ஆனது.

பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் பொருளை ஊசியாகப் போட்டார்கள். தொட்ட நாலு நாளுக்குள் வந்தது நல்லது என்றார் டாக்டர். பிறகு நாட்களை எண்ணிக்கொண்டிருந்தோம். பதினாறாம் நாள் நெற்றியில் இரண்டு கொப்புளம். "அம்மன் வந்திருக்கா, வேப்பிலை கட்டி வீட்டிலேயே வெச்சுக்கலாம்" என்றார் சம்பந்தியம்மா. முதல் தடவையாக நான் மகள் பக்கம் பேசினேன். வேப்பிலையும் வைத்துக்கொள்ளுங்கள், வண்டியில் ஏறுங்கள் என்றேன்.

அசைக்ளோவிர் நரம்பு வழியாக ஏற்றினார்கள். அந்த மருந்து சிறுநீரகத்தில் படியக்கூடியது. இவனுக்கு இருப்பதோ ஒன்றே ஒன்று. அதனால் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டு, சிறுநீரை அளந்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். அந்த அளவுச் சீட்டை நானும் எட்டி எட்டிப் பார்ப்பேன். ஸ்டோர்ஸில் முப்பது வருடம் இருப்பு எழுதினவன், அப்படி ஒரு கணக்குக்கு நடுங்கியதில்லை. புற்று ஊசி இரண்டு வாரம் தள்ளிப்போனது. கொப்புளம் மொத்தம் பதினொன்றோடு நின்றது.

மகள் ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பேரன் இப்போது பெரிய பையன். வந்தால் இன்னமும் என் சட்டையைத் தூக்கி, "தாத்தா, சிங்கம் எங்கே?" என்கிறான்.