குடிக்கூலியும் இறையும்

குடிக்கூலி, வரி, தண்டம் என்பன பற்றிச் சைவப் பத்திரிகையொன்றில் எழுதப் புகுதல் பொருந்துமோ என அன்பர் சிலர் ஐயுறக்கூடும். இவை உலகியற் பொருள்கள்; இவற்றைக் கணக்கர்பால் விடுத்து, நாம் பதி பசு பாச ஆராய்ச்சியில் நிற்றலே முறையென்பர். அஃது ஒருபுடை உண்மையே. ஆயினும், சில ஆண்டுகளாக இலண்டன் வாழ் சைவர் என்பால் வினவுவனவற்றுள் இதுபற்றியனவே மிகுதி. அவற்றுட் சில கணக்கரால் விடுத்தற்கு அரியன.

1983-ஆம் ஆண்டின் கொடுமைக்குப் பின்னர் ஈழத்தினின்றும் அந்நகர்க்குக் குடிபெயர்ந்தோர் பலர். பல்லாண்டு இரவும் பகலும் உழைத்து வீடு வாங்கினர். பின்னர்ப் பெரியதோர் வீட்டிற்கு மாறியபோது முன்னையதை விற்காது குடிக்கூலிக்கு விட்டனர். அவ்வருவாயை அரசினர்க்கு அறிவித்தல் வேண்டுமென்பதைச் சிலர் அறியார். சிலர் அறிந்தும் அறியார்போல் இருந்தனர். இவ்விரு திறத்தாரையும் அந்நாட்டுச் சட்டம் வேறுவேறாகவே நோக்குகின்றது. நம் சாத்திரமும் அறியாமற் செய்ததையும் அறிந்து செய்ததையும் ஒன்றென்னாது.

என் நண்பரொருவர் இரண்டாவது திறத்தினர். அவர் திருக்கோயிலொன்றின் அன்னதானத்திற்கு ஆண்டுதோறும் பெருந்தொகை உதவுபவர், பூசை தவறாதவர். பதினோராண்டுக் குடிக்கூலியை அவர் மறைத்திருந்தார். "அப்பொருளெல்லாம் அடியார் அமுதுக்கன்றோ செல்கின்றது! அரசன் நெற்கூட்டிற் களவு செய்து மாகேசுர பூசை நடத்திய அடியாரை இடங்கழி நாயனார் தண்டித்தாரில்லையே" என்றார்.

சேக்கிழார் பெருமான் அருளிய அவ்வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு நண்பர் கூற்று நில்லாமை புலனாம். கொடும்பாளூரில் அவ்வடியார் பிடியுண்டபோது மறைத்துப் பேசினாரல்லர். அடியார்க்கு அமுதளித்தல் முட்டுப்பட்டமையால் கவர்ந்தேன் என அரசன்முன் மெய்யே மொழிந்தார். பண்டாரத்தைத் திறந்துவிட்டவர் அப்பொருட்குரிய அரசரே. திறக்கும் உரிமை அவர்க்கே உண்டு. நண்பரோ மெய்யும் மொழிந்திலர். அரசின் விடையும் பெற்றிலர். மேலும், ஒரு பிடி நெல்லும் இன்றி முட்டுப்பட்ட அடியாரையும், இரு வீடுடைய நம் நண்பரையும் ஒரு தட்டில் வைத்தல் எங்ஙனம் ஆம்?

'இறை' என்னுஞ் சொல் நம் மொழியில் ஆண்டவனையும் குறிக்கும். அரசர்க்குச் செலுத்தும் வரியையும் குறிக்கும். சோழர் காலத்துத் தேவதான நிலங்கள் பல 'இறையிலி' எனப்பட்டன. அவை இறையிலி ஆயினது நிலமுடையான் வாளாவிருந்து செலுத்தாது விட்டமையாலன்று. அரசன் ஆணை பிறந்து, அது வரிப்பொத்தகத்தில் ஏறி, அதிகாரிகள் கைச்சாத்திட்ட பின்னரே. கோயிற்குச் செல்லும் பொருளேயாயினும் ஏட்டில் ஏறிய பின்னரே அது நீங்கிற்று.

இன்று பிரித்தானியாவிலும் அத்தகைய இறையிலி முறை ஒன்றுண்டு என்பது வியப்பாம். அதனைக் 'கிஃப்ட் எய்ட்' என்ப. அறநிலையமாக ஏற்கப்பட்ட கோயிலுக்கு ஒருவர் 100 பவுன் உதவின், அவர் செலுத்திய வரியினின்றும் 25 பவுனை அரசு அக்கோயிற்கே மீட்டளிக்கும். ஆனால் அவ்வளவு வரியேனும் அவ்வாண்டில் அவர் செலுத்தியிருத்தல் வேண்டும். இறை இறுத்தார்க்கே அவ்விறையிலி. இதனை எடுத்துக் காட்டியபோது நண்பர் நெடுநேரம் வாய் திறந்தாரில்லை.

பின்னர் அவர் வேறோர் வாயிலாக வந்தார். "வரும் கூலியெல்லாம் வங்கிக் கடனுக்கே போகின்றது, ஊதியம் யாதுளது?" என்றார். பலரும் இடர்ப்படும் இடம் இதுவாகலின் சற்று விரித்தல் நன்று. கடன் முதலைத் திருப்பிச் செலுத்துவது எக்காலத்தும் செலவாகக் கழிக்கப்படுவதன்று. வட்டியோ, முன்னர் முழுதும் கழிக்கப்பட்டது; 2017 ஏப்ரல் முதல் அவ்வுரிமை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2020 ஏப்ரலுக்குப் பின் முற்றும் நீங்கிற்று. அதற்கு ஈடாக வட்டியில் நூற்றுக்கு 20 வரியினின்றும் தள்ளப்படும். ஆண்டுக் கூலி 18,000 பவுன் எனவும், பழுதுபார்த்தல், காப்புறுதி, முகவர் கூலி ஆகியவை 3,000 எனவும், வட்டி 9,000 எனவும் கொள்வோம். நண்பர் தம் ஊதியம் 6,000 என எண்ணுவர். சட்டம் 15,000 என்னும். நூற்றுக்கு 40 என்னும் படியில் உள்ளவர்க்கு அதன் வரி 6,000. அதில் 1,800 தள்ள, நின்றது 4,200. தம் கணக்கின்படி 2,400 என்றே அவர் எண்ணியிருப்பர். கூரை ஒழுக்கை மாற்றுதல் கழிக்கத்தக்க செலவு. புதிதாக ஓர் அறை கட்டுதல் அத்தகையதன்று.

இன்னுமொன்று. அவ்வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தது. ஒருங்கு வாழும் இருவர்க்குப் பொதுவாகிய வீட்டின் வருவாய் பாதி பாதியாகவே கொள்ளப்படுவது பொதுவிதி. ஆதலின் மனைவியாரும் தனியே அறிவித்தற்கு உரியர். அவ்வம்மையார் ஒன்றும் அறியார். காட்டிய இடத்திற் கையொப்பமிட்டவர். கணவர் செய்த மறைப்பு அவரையும் பிணித்தது. இதனை அவர்க்கு உரைத்த மாலை எனக்கு இனியதன்று.

இத்தகையோர் தாமே முன்வந்து கணக்கைத் தீர்த்துக்கொள்ளுமாறு அந்நாட்டு வரித்துறை 2013-இல் 'லெட் பிராப்பர்ட்டி காம்பெயின்' என்னும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. குடியிருப்பு வீடுகளைக் கூலிக்கு விட்ட தனியாட்களுக்கே அது உரியது. கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் ஆகாது. முதற்கண் அறிவிக்கும் விருப்பத்தைத் தெரிவித்தல் வேண்டும். பின்னர் 90 நாளுள் கணக்கிட்டு, வரி, வட்டி, தண்டம் மூன்றையும் தாமே வகுத்துச் செலுத்துதல் வேண்டும். ஒருங்கே இயலாதார் தவணை கேட்கலாம். தக்க கவனத்தோடிருந்தும் பிழைத்தோர்க்கு 4 ஆண்டுக் கணக்கு. கவனமின்மையால் பிழைத்தோர்க்கு 6. தெரிந்தே மறைத்தோர்க்கு 20 வரை செல்லும். உள்நாட்டு வருவாயில், மறைத்ததோடு அதற்கெனச் சூழ்ச்சியுஞ் செய்தார்க்குத் தண்டம் வரியளவினதாகவும் உயரலாம். கேளாமுன் வந்து உரைத்தார்க்கும், கடிதம் வந்தபின் உரைத்தார்க்கும் தண்டத்தில் வேறுபாடுண்டு. நிலப்பதிவேடு, வீட்டு முகவர், முன்பணக் காப்பகம் முதலியவற்றால் அத்துறை பலவற்றை அறியும். அறிந்தபின் உரைப்பது உரையாகாது.

ஈண்டுச் சித்தாந்தம் கூறுவதொன்று என் நினைவிற்கு வந்தது. புறவிருள் பிறபொருளை மறைப்பினும் தன்னைக் காட்டி நிற்கும். ஆணவ இருளோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது என உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் உணர்த்தினர். தாம் மறைக்கின்றோம் என்பதனை நண்பர் பதினோராண்டும் அறிந்தார் எனச் சட்டம் கொள்ளும். நானும் அவ்வாறே கொண்டேன். ஆயினும் அவரோடு பலமுறை அமர்ந்து பழைய சீட்டுகளைப் பிரித்தபோது, அம்மறைப்பு அவர்க்கே மறைந்து கிடந்தது எனக் கண்டேன். அன்னதானச் சீட்டுகளை அவர் அழகுறக் கோத்து வைத்திருந்தார். குடிக்கூலிச் சீட்டு ஒன்றேனும் வைத்திலர். 'எனது' என்பதனைத் திருப்பணி என்னும் போர்வையால் மூடியது அம்மலம். தனு கரண புவன போகங்கள் மாயையினின்றும் இறைவன் உயிர்க்குத் தந்த இரவல் என்பதே நம் கொள்கை. உடம்பாகிய வீட்டிற் குடியிருக்கும் உயிர், தான் குடியிருப்பவன் என்பதை மறந்து பிறர்பாற் கூலி வாங்குகின்றது!

அவ்வாண்டு கோயில் மண்டபத்திற்கென அவர் நேர்ந்திருந்த தொகை, வரித் தொகைக்கு ஏறக்குறைய ஒத்திருந்தது. எதனை முதலிற் செலுத்துவது என்பதே அவரை வருத்திய வினா. நேர்ந்த பொருளைப் பின்னிடுதல் சிவாபராதம் என அஞ்சினார். பிறர் பங்கை இறைவன் திருமுன் வைத்தல் நேர்த்தியாகாது, வரியை முந்துக என யான் துணிந்து கூறினேன். கோயிற் பொருளாளர் அதனைக் கேட்டு முகஞ்சுளித்தார். மண்டபத்தின் கூரை அவ்வாண்டு ஏறவில்லை.

நண்பரும் அவர் மனைவியாரும் தனித்தனியே அறிவித்து, தவணையிற் செலுத்தி வருகின்றனர். அம்மையார் இப்பொழுது தாமே கணக்கேடு எழுதுகின்றார். கணவர் கேட்பினும் அதனைக் கொடுப்பதில்லை. எஞ்சியது யாழ்ப்பாணத்து வீட்டின் கூலி. நெடுங்காலம் பிரித்தானியாவில் வாழ்வோர் அதனையும் அங்கு அறிவித்தல் வேண்டும். இலங்கையில் வரி செலுத்தியிருப்பின் அதற்கு ஈடு உண்டு. வெளிநாட்டு வருவாய்க்கு 2016-இல் ஏற்பட்ட வேறோர் அறிவிப்பு முறை உளது. அதன் தண்டமும் பெரிது. அவ்வீட்டில் இருப்பவர் நண்பரின் தமையனார் மகன். கூலி சில மாதம் பணமாகவும், சில மாதம் மாம்பழமாகவும், சில மாதம் ஒன்றுமின்றியும் வந்தது. சீட்டு எழுதும் வழக்கமே அங்கில்லை. அதனை எவ்வாறு கணக்கிடுவது என்பதுபற்றி அடுத்த ஞாயிறு மீண்டும் அமர்வோம்.