குச்சிக் கோழிக் கடையில் ஒரு மாலை

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மாணவர் சங்கத்துத் தம்பிகள் கேட்டார்கள். "அண்ணே, ஜப்பான் பத்தி எழுதுங்கண்ணே. புல்லட் ரயிலு, ரோபோ, அந்த மாதிரி" என்றார்கள். புல்லட் ரயிலைப் பற்றி நம் நூலகத்திலேயே படித்துக்கொள்ளலாம் நண்பர்களே! நான் எழுதப்போவது ஒரு கோழிக் கடையைப் பற்றி.

என் ஊர் கிளியனூர். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் இருக்கிறது. அப்பாவுக்கு உப்புக் காலத்தில் மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை. மழை வந்துவிட்டால் கிடைத்த வேலை. நம் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தேன். 2017-ல் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஆள் எடுக்கிறார்களே, அந்த வழியில் தொழிற்பயிற்சியாளனாக 2023 ஜூனில் ஐச்சி மாநிலத்துக்குப் போனேன். நகோயா நகரம் இருக்கும் மாநிலம் அது.

2023 ஜூன் என்று சொல்லும்போதே எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புரியும். அதற்கு முந்தைய மாதம்தான் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்தால் 20 பேருக்கு மேல். என் அப்பாவும் குடிப்பவர்தான். அந்த ஒரு வாரம் அவர் வீடு திரும்பும் வரை அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் விமானம் ஏறுகிற அன்று அவள் கேட்டது பணமோ நகையோ இல்லை. "கண்ணு, அங்க போயி அந்தக் கருமத்த மட்டும் தொட்டுடாத" என்றாள். அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவனை, ஒரு மாத மொழி வகுப்பு முடிந்து பட்டறையில் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமையே, எங்கள் மேற்பார்வையாளர் சாராயக் கடைக்கு அழைத்தார்! புதிதாக வருபவர்களுக்கு வரவேற்பு விருந்து வைப்பது அங்கே வழக்கமாம். போகாவிட்டால் முதல் வாரத்திலேயே ஒட்டாத ஆள் என்று பெயர் வரும். போனால் அம்மாவின் முகம் வரும். என்ன செய்ய? "கோழி நன்றாக இருக்கும்" என்று அவர் சைகையில் சிறகடித்துக் காட்டினார். சரி, கோழி தின்னத்தானே போகிறோம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அந்த மாதிரிக் கடைக்கு 'இசகாயா' என்று பெயர். 'இருந்து குடிக்கிற கடை' என்பது அதன் பொருள். ஒரு காலத்தில் சாராயத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்களாம். பிறகு கடையிலேயே உட்கார்ந்து குடிக்கும் பழக்கம் வந்ததால் இந்தப் பெயர். இப்படிப்பட்ட கடைகளில் சில கோழிக்கென்றே இருக்கின்றன. 'யாகி' என்றால் சுட்டது, 'தோரி' என்றால் பறவை. யாகிதோரி. வாசலில் சிவப்புக் காகித விளக்கு தொங்கும். துணித் திரையை விலக்கி உள்ளே தலையை நீட்டியதும் கடையிலிருக்கும் அத்தனை பேரும் ஒரே குரலில் "வாங்க!" என்று கத்துவார்கள். முதல் தடவை எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உட்கார்ந்ததும் முகம், கை துடைக்க ஈரத்துணி. அப்புறம் நாம் கேட்காமலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ ஒரு பதார்த்தம். இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள், பில்லில் ஏறும்! எல்லோரும் பீர் சொன்னார்கள். என் முறை வந்தது. வகுப்பில் மனப்பாடம் செய்து வைத்திருந்த "ஊரோன் சா" என்ற இரண்டு சொல்லைச் சொன்னேன். அது ஒருவகைத் தேநீர். பால், சர்க்கரை கிடையாது, ஐஸ் போட்டுக் கண்ணாடி டம்ளரில் வரும். பக்கத்தில் இருந்தவர் ஏன் என்று கேட்கவில்லை. மேற்பார்வையாளரும் கார் எடுத்து வந்திருந்ததால் தேநீர்தான் குடித்தார். அங்கே 2007-ல் திருத்திய சட்டத்தின்படி, குடித்துவிட்டு ஓட்டுபவன் மட்டும் அல்ல, ஓட்டப் போகிறான் என்று தெரிந்தும் ஊற்றிக் கொடுத்தவனும், தெரிந்தே கூட ஏறிப் போனவனும் குற்றவாளிகள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இனி கோழிக்கு வருவோம். மெக்கானிக்கல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நீளமான ஓர் அடுப்பு. அதன் மேல் குறுக்கே இரண்டு இரும்புக் கம்பிகள். மூங்கில் குச்சியில் கோர்த்த கறி அந்தக் கம்பிகள் மேல் கிடக்கும். தீ கறியைத் தொடாது. கரி சாதாரணக் கரி அல்ல, 'பின்சோதான்' என்பார்கள். வகாயாமா பக்கத்தில் ஒருவகை ஓக் மரத்தைச் சுட்டுச் செய்வது. ஒன்றோடு ஒன்றைத் தட்டினால் இரும்பு மாதிரி 'டிங்' என்று ஒலிக்கிறது! புகையும் தணலின் கொழுந்தும் மிகக் குறைவு. நாம் வெப்பக் கடத்தல் பாடத்தில் கதிர்வீச்சு என்று மூன்று மார்க்குக்கு எழுதினோமே, அது இங்கே கறியின் மேல்தோலை மொறுமொறுப்பாக்கிக்கொண்டிருந்தது. குச்சியின் நுனியில் பெரிய துண்டு, கைப்பிடிப் பக்கம் சின்னத் துண்டு. வெப்பம் எங்கே அதிகம் என்று பார்த்துக் கோர்த்திருக்கிறான். சுடுபவன் ஒரு கையால் விசிறிக்கொண்டே மறு கையால் குச்சிகளைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு கேள்வி உண்டு: 'ஷியோவா, தாரேவா?' தாரே என்பது சோயாவும் சர்க்கரையும் அரிசி மதுவும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பு. ஷியோ என்றால் வெறும் உப்பு. நான் யோசிக்காமல் ஷியோ என்றேன். உப்பளத்தான் வீட்டுப் பிள்ளை வேறெதைச் சொல்வான்? முழங்கை உயரத்திலிருந்து உப்பை அவன் தூவுகிற அழகு இருக்கிறதே! ஒரு கல் கூட ஒரே இடத்தில் இரண்டாக விழாது. அப்பா இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த உப்புக்கும் ஒரு கதை உண்டு. ஜப்பானில் உப்புப் பாறை கிடையாது. மழையும் ஈரக்காற்றும் அதிகம், ஆகவே நம்மைப் போல் பாத்தி கட்டிக் கடல் நீரை வெயிலில் விட்டு உப்பு எடுக்க முடியாது. மணலில் கடல் நீரைத் தெளித்து, காயவைத்து, அந்த மணலைக் கழுவி, கிடைத்த நீரைக் கொதிக்க வைத்துத்தான் ஒரு காலத்தில் எடுத்தார்கள். 1905 முதல் 1997 வரை உப்பு அரசின் தனியுரிமையாக இருந்தது. இன்றைக்கும் அவர்களுக்குத் தேவையான உப்பில் பெரும்பகுதி மெக்சிகோ, ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வருகிறது, முக்கியமாக ரசாயனத் தொழிற்சாலைகளுக்கு. வெயில் சும்மா காய்த்துக் கொடுக்கிற பொருளை நாம் மூட்டை கட்டிக் குறைந்த விலைக்குப் போடுகிறோம்!

கோழியை அவர்கள் தின்கிற விதத்தில்தான் நான் அசந்துபோனேன். தொடைக்கு மோமோ. தோலுக்கு கவா. இரைப்பைக்கு சுனாகிமோ, அதாவது 'மணல் ஈரல்'. கோழி மண்ணைக் கொத்துவதைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். குருத்தெலும்புக்கு ஒரு குச்சி, இதயத்துக்கு ஒரு குச்சி, வால் சதைக்கு ஒரு குச்சி. இத்தனைக்கும் கி.பி. 675-ல் தெம்மு என்ற சக்கரவர்த்தி மாடு, குதிரை, நாய், குரங்கோடு கோழியையும் தின்னக்கூடாது என்று ஆணை போட்ட நாடு அது! வெகுகாலம் கோழி அங்கே விலை உயர்ந்த கறியாகவே இருந்தது. 1960-களில் பிராய்லர் பெருகிய பிறகுதான் கூலிக்காரனும் கம்பெனிக்காரனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தின்னும் கறியானது.

"செசெரி இன்னும் இருக்கா?" என்று மேற்பார்வையாளர் அவசரமாகக் கேட்டார். கடைசி இரண்டு குச்சிதான் இருந்தது. ஒன்றை என் தட்டில் வைத்தார். கழுத்துக் கறி. ஒரு கோழிக்கு ஒரு கழுத்துதான், ஒரு குச்சிக்குப் பல கோழி வேண்டும், அதனால் சீக்கிரம் தீர்ந்துபோகும், விலையும் தொடையைவிட அதிகம் என்று விளக்கினார்.

எங்கள் வீட்டில் கோழி அடித்தால் தொடை எனக்கும் தங்கச்சிக்கும். ஈரல் அப்பாவுக்கு. கழுத்தும் முதுகும் அம்மாவுக்கு. "எனக்கு இதான்டா புடிக்கும்" என்பாள். இருபது வருடமாக அதை நம்பியிருந்தோமா, நம்புகிற மாதிரி இருந்தோமா தெரியாது. அந்தக் குச்சியைக் கடித்தேன். மெதுவாக, கொழுப்போடு, தொடையைவிட ருசியாக இருந்தது. ஒருவேளை அம்மா சொன்னது நிஜமோ!

அந்த ஊர்க்காரர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கடைசி ரயில் போன பிறகு நகோயா ஸ்டேஷன் படிக்கட்டில் கோட்டும் டையுமாக உருண்டு கிடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இளையவர்களை வற்புறுத்திக் குடிக்க வைக்கும் கொடுமைக்கு 'அருஹாரா' என்று தனிச் சொல்லே அங்கே உண்டு. ஆனால் அன்றைக்கு நான் பார்த்தது வேறு. ஒரு மடக்கு, ஒரு குச்சி, ஒரு பேச்சு, அப்புறம் இன்னொரு மடக்கு. என் அப்பா குடிப்பது அப்படி அல்ல. இருட்டில், நின்றபடி, ஒரே மூச்சில், வெறும் வயிற்றில்.

நம் கடற்கரைக்கு இது புதுசும் இல்லை. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் வருகிறது. அது இன்றைய மரக்காணம்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். பசியோடு வரும் பாணனுக்கு அங்கே நுளைச்சியர் அரித்த கள்ளையும், சுட்ட உலர்மீனையும் பரதவர் கொடுப்பார்கள் என்று புலவர் சொல்கிறார். மீன் சுட்டு, உட்கார வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்!

விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது கறிக்கடையில் கழுத்தாக மட்டும் ஒரு கிலோ கேட்டேன். கடைக்காரர் "நாய்க்கா தம்பி?" என்றார். மூங்கிலைச் சீவி, சவுக்குக் கரி மூட்டி, இரண்டு செங்கல் மேல் கம்பி போட்டு, கொல்லையில் உட்கார்ந்து சுட்டேன். எலும்பிலிருந்து சதையைப் பிரிப்பதற்குள் விரல் போய்விட்டது. உப்புத் தூவும் வேலையை அப்பாவே எடுத்துக்கொண்டார். கல்லுப்பைக் கையிலேயே நுணுக்கி அவர் தூவியதில் பாதி கரியில் விழுந்து வெடித்தது. அன்றைக்கு அவர் வெளியே போகவில்லை.

முதல் குச்சியை அம்மாவிடம் கொடுத்து, அங்கே இதற்கு என்ன விலை என்று நம் ரூபாயில் சொன்னேன்.

"கழுத்துக்கா? பைத்தியக்காரப் பசங்க" என்று சொல்லிவிட்டு இரண்டாவது குச்சிக்குக் கையை நீட்டினாள்.