அட்டைப்படத்து நாரை

2008ஆம் ஆண்டு நாம் பணியாற்றிய கல்லூரியின் தமிழ்த்துறையில் நெய்தல் திணை பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. கட்டுரைத் தொகுப்பின் அட்டைக்கு ஒரு பறவை வேண்டியிருந்தது. தட்டச்சு செய்த தம்பி வேர்டு மென்பொருளின் கிளிப் ஆர்ட் படங்களைத் திறந்தார். பளிச்சென்ற ரோஜா நிறத்தில் ஒரு பூநாரை வந்தது. பின்னால் தென்னை, அரைவட்டச் சூரியன். இதுவே போதும் என்றோம்.

அச்சாகி வந்த நூலை முதுகலை மாணவி ஒருத்தி புரட்டிப் பார்த்தாள். மரக்காணத்து உப்பளக் குடும்பத்துப் பெண். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஐயா, எங்க ஊருக்கு வர்றது இது இல்லைங்க. அது வெள்ளையா இருக்கும், றெக்கைய விரிச்சாத்தான் செவப்பு தெரியும். காலும் இப்படி முன்பக்கமா மடங்காதுங்க."

"படம் ஒரு அடையாளத்துக்குத்தானேம்மா" என்று சிரித்துச் சமாளித்தோம்.

அவள் சொன்னதே சரி. படத்திலிருந்தது கரீபியக் கடற்பகுதியில் வாழும் அமெரிக்கப் பூநாரை. நம் கரைக்கு வருவது வெளிறிய உடலும் சிவந்த இறக்கையும் கொண்ட பெரிய பூநாரை. மேலும், பறவையின் முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. வெளியே பின்பக்கமாக மடங்குவது கணுக்கால். ஓவியர் பறவைக்கு மனிதக் காலை வரைந்துவிட்டார்.

மறு ஆண்டு தை மாதம் மரக்காணம் சென்றோம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் அறிஞர் சிலர். அதைப் பாடம் நடத்திய நாம் அதுவரை அங்கே இறங்கிப் பார்த்ததில்லை. மழை ஓய்ந்து, உப்பளத்தில் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். மாணவியின் தாயார் சேற்றில் நின்றபடியே கைநீட்டிப் பெயர் சொன்னார்: நாரை, உள்ளான், கரண்டிவாயன். உள்ளானின் நீண்ட சிவந்த கால் நீரில் ஊன்றுவதும் மடங்குவதும் தெளிவாகத் தெரிந்தது.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலர், ஆரல் மீனுக்காகக் காத்திருக்கும் குருகின் காலைத் தினைத் தாளுக்கு ஒப்பிடுகிறார். உவமை நயம் என்று பலமுறை வகுப்பில் விளக்கியிருக்கிறோம். அவர் பார்த்து எழுதினார், நாம் பாராமல் விளக்கினோம் என்பது அந்த வரப்பின்மேல் நின்றபோதுதான் உறைத்தது.

சொல்லக் கூசும் செய்தி ஒன்று மீதமிருக்கிறது. அம்மாணவியும் அக்கருத்தரங்குக்கு ஒரு கட்டுரை தந்திருந்தாள். தாயார் சொல்லக் கேட்ட பறவைப் பெயர்கள், எந்தப் பறவை எந்த மாதத்தில் எந்தப் பாத்தியில் இறங்கும் என்ற குறிப்புகள். மேற்கோள் ஒன்றுமில்லை என்று அதை ஒதுக்கியவர்கள் நாமே. பறவையைப் பார்த்தவளுக்கு நூலுக்குள் இடமில்லை. பறவையைப் பாராதவர் வரைந்த படத்துக்கு அட்டையிலேயே இடம்.

மைக்ரோசாஃப்ட் அந்தக் கிளிப் ஆர்ட் தொகுப்பை 2014இல் மூடிவிட்டது. மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அச்செய்தியைப் படித்த அன்று மாணவியை அழைத்து அந்தக் கட்டுரையைக் கேட்டோம். இப்போது அவள் பள்ளி ஆசிரியை.

"கையால எழுதினதுங்க ஐயா. ஒரே பிரதி. உங்ககிட்டதான் குடுத்தேன்" என்றாள்.

துறையின் அலமாரிகள் அனைத்தையும் தேடிவிட்டோம். அட்டையில் ரோஜா நிற நாரை நிற்கும் தொகுப்பு மட்டும் நாற்பது பிரதிகள் கிடைத்தன.