திசை அறிந்த பெட்டிகள்

வீட்டில் சாமான்களை இடம் மாற்றும்போது எல்லோரும் திசை பார்ப்பது பீரோவுக்குத்தான். தென்மேற்கு மூலை, கதவு வடக்குப் பார்த்துத் திறக்க வேண்டும். டிவியும் ரேடியோவும் பிளக் பாயின்ட் இருக்கிற இடத்துக்குப் போய்விடுகின்றன. உண்மையில் திசையை உணர்ந்தவை அந்தப் பெட்டிகள்தாம்.

ஆவடியை ஒட்டிய சேக்காட்டில் எங்கள் கூடத்தில் பிக்சர் ட்யூப் டிவி இருந்த காலம். ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் அடிக்கிறதென்று, மேற்குச் சுவரோரம் இருந்ததை வடக்குச் சுவருக்கு மாற்றுவதாக முடிவாயிற்று. பாட்டி சீரியலில் மூழ்கியிருந்தார். "அணைக்காதேடா, இப்பதான் அவ லெட்டரைப் பிரிக்கப் போறா." அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் ஸ்டாண்டைத் தூக்கி, படம் ஓட ஓடவே திருப்பினார்கள். லெட்டரைப் பிரித்தவளின் கன்னத்தில் பச்சை படர்ந்தது. திரையின் மூலையில் ஊதாக் கறை. பாட்டி பதறிப்போனார். "ஐயோ, இவளுக்கு என்னடா ஆச்சு?"

ஆவடியிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன் பின்மூடியைக் கழற்றவே இல்லை. "சுவிட்சை அணைச்சு அரை மணி நேரம் ஆற விடுங்கம்மா" என்று சொல்லி காபி குடித்தார். மறுபடி போட்டபோது பெட்டிக்குள் 'டொம்ம்' என்றொரு அதிர்வு. கன்னம் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது.

அந்த 'டொம்' ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று. கலர் ட்யூபுக்குள் மூன்று எலெக்ட்ரான் கற்றைகள் மெல்லிய உலோகத் தகட்டின் துளைகள் வழியே புகுந்து சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளில் சரியாக விழ வேண்டும். பூமியின் காந்தப்புலம் அவற்றை இம்மியளவு வளைக்கும், தகட்டிலும் காந்தம் ஏற்றும். பெட்டியைத் திருப்பினால் வளைவும் மாறும், கற்றை பக்கத்து நிறத்தில் விழும். சுவிட்சைப் போட்டதும் ட்யூபைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பலமாகப் பாய்ந்து, படிப்படியாக அடங்கி, பழைய திசையின் காந்தத்தைத் தகட்டிலிருந்து அழிக்கிறது. மின்சாரத்தை அடக்கும் சின்னஞ்சிறு பாகம் சூடு தணிந்தால்தான் மறுபடி வேலை செய்யும். அரை மணி நேரம் அதற்குத்தான்.

நம் ஊரில் இது இன்னும் சுவையானது. காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அதை ஆராய்வதற்கென்றே திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வகம் இருக்கிறது. அந்தக் கோடு அருகில் இருப்பதால் சென்னையிலும் காந்தப்புலம் ஏறக்குறைய தரைக்குக் கிடையாக, வடக்கு நோக்கி ஓடுகிறது. துருவத்துப் பக்கம் அது தரைக்குள் செங்குத்தாக இறங்கிவிடுவதால், அங்கே பெட்டி எந்தப் பக்கம் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. கிழக்குப் பார்த்த டிவி தெற்குப் பார்த்தால் கன்னம் பச்சையாவது நம் மண்ணில் கூடுதலாகக் கிடைத்த பாக்கியம்.

டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கும் திசை உண்டு. உள்ளே இருக்கும் கரிய ஃபெரைட் கம்பியின் முனை ஒலிபரப்புக் கோபுரத்தை நேராகப் பார்த்தால் சத்தம் தேயும், பக்கவாட்டில் திருப்பினால் ஓங்கும். சென்னை வானொலியின் ஸ்டுடியோ கடற்கரை காமராஜர் சாலையில். மத்திய அலை டிரான்ஸ்மிட்டரோ எங்கள் ஆவடியில். 720 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் செய்தி வாசித்தவரின் குரல், மெரினாவிலிருந்து ஆவடிக்கு வந்து, இங்கிருந்துதான் ஊரெல்லாம் கிளம்பியது. சின்ன வயதில் அந்தக் கம்பியின் குணம் தெரியாமல் போயிற்றே என்று இன்றும் ஏக்கமாக இருக்கிறது. தெரிந்திருந்தால் ரேடியோவைத் திருப்பித் திருப்பியே கோபுரம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்திருப்பேன்.

இப்போதைய தட்டை டிவிக்கு இந்தக் கவலை கிடையாது. எந்தச் சுவரில் மாட்டினாலும் அதற்கு ஒன்றுதான். கூடத்தில் திசை அறிந்த பெட்டி என்று எதுவும் மிச்சமில்லை என்றே நினைத்திருந்தேன், போன மாதம் ரவுட்டரைப் பீரோவுக்குப் பின்னால் வைக்கும்வரை. இரும்புத் தகட்டை அலை தாண்டுவதில்லை, எதிர்ப்பக்கத்து அறையில் சிக்னல் செத்துவிட்டது. பீரோவைத் தென்மேற்கு மூலையிலிருந்து நகர்த்த அம்மா ஒப்பவில்லை. ரவுட்டர் லாஃப்டுக்கு ஏறியது. அங்கே பிளக் பாயின்ட் இல்லை, ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீஷியன் வருகிறார்.