4,680 ரூபாய்ப் பாடம்

விளையாட்டு வினையாகும் என்று பெரியோர் சொல்வர். விளையாட்டு பாடமாகவும் ஆகுமா என்று கேட்டால், ஆகும் என்பேன். ஆனால் என் வாழ்வில் அது பாடமாவதற்கு முன் ஒரு பொய்யாக இருந்தது. அந்தப் பொய்யையும், அதற்கு நான் கணக்குத் தீர்த்த விதத்தையும் என் அன்புத் தோழியர்க்கும், நம்மை வழிநடத்தும் சிஸ்டர்களுக்கும், பெற்றோர்களுக்கும் ஒளிக்காமல் எழுத முற்படுகிறேன்.

எங்கள் ஊர் பாகூர் ஏரிப் பாசனத்தில் உள்ளது. தென்பெண்ணையாற்றுத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்கு வந்து, ஏரியிலிருந்து எங்கள் வயல்களுக்கு வருகிறது. பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று சொல்வார்கள். அந்தக் களஞ்சியத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிறவர் என் அம்மா. அப்பா கட்டட வேலை செய்கிறவர்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது நான் ஆறாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். ஏழாம் வகுப்புப் பாடம் செல்போன் வழியாகத்தான் நடக்கும் என்றார்கள். எங்கள் வீட்டில் இருந்தது பழைய பட்டன் போன். அப்பாவுக்கோ வேலை இல்லை. அந்த ஜூலை மாதத்தில் ஒரு நாள் அம்மா தம் காதுக் கம்மலைக் கழற்றி 9,000 ரூபாய்க்கு அடகு வைத்து எனக்கு ஒரு போன் வாங்கி வந்தார். வட்டி நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க, இரண்டு ஈர்க்குச்சிகளை ஒடித்துச் செருகிக்கொண்டார். மறுநாள் காலையில் அப்படியே வேலைக்குப் போனார்.

அந்தப் போனில் நான் என்ன செய்தேன்? முதல் சில வாரங்கள் ஒழுங்காகப் படித்தேன். பின்னர் ஒரு தோழி சொன்னாள் என்று "ஆங்கிரி பேர்ட்ஸ்" ஆட்டத்தை ஏற்றினேன். உண்டிவில்லில் பறவையையே கல்லாக வைத்து இழுத்துவிட்டால், அது பறந்து போய்ப் பன்றிகளின் கோட்டையை இடிக்கும். அடுத்து "கட் தி ரோப்". கயிற்றில் ஊசலாடும் மிட்டாயைத் தக்க நேரத்தில் அறுத்து ஒரு குட்டிப் பிராணியின் வாயில் விழச் செய்ய வேண்டும். வகுப்பு ஒருபுறம் ஓடிக்கொண்டிருக்கும். நான் ஒலியைக் குறைத்துவிட்டுப் பறவை எறிந்துகொண்டிருப்பேன்.

ஒரு நாள் நடுப்பகலில், முழங்கால்வரை சேறு காயாமல் அம்மா உள்ளே வந்தார். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்ன பாப்பா, குருவியெல்லாம் பறக்குது?" என்றார்.

"பாடம்மா. சயின்ஸ் பாடம்" என்றேன்.

"அட, படம் போட்டு நடத்துறாங்களா!" என்று வியந்தார். சொம்பில் நீராகாரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய், வாசலில் ஆடிக்கொண்டிருந்த தம்பியிடம், "சத்தம் போடாதடா, அக்கா படிக்குது" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதும் நான் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

ஆண்டுகள் உருண்டன. கடந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் சிஸ்டர் கரும்பலகையில் ஒரு வளைகோடு வரைந்து, "இது எறிபொருளின் பாதை. இதற்குப் பரவளையம் என்று பெயர்" என்றார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தக் கோட்டை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன்! அந்த அலகில் எனக்கு ஒரு கணக்கும் தவறவில்லை. பெற்றோர் கூட்டத்தன்று சிஸ்டர் இதை அம்மாவிடம் பாராட்டிச் சொல்ல, அம்மா பெருமையோடு, "சின்னதுலயே போன்ல படம் போட்டு இதையெல்லாம் நடத்தினாங்களே சிஸ்டர். குருவி பறக்குற மாதிரியெல்லாம் காட்டினாங்க" என்றார். சிஸ்டர் என்னைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. நான் தலை குனிந்தேன்.

அன்று இரவு அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று எண்ணினேன், அடிக்கவில்லை. திட்டுவார் என்று எண்ணினேன், அதுவும் இல்லை. இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. மூன்றாம் நாள் அடுப்பங்கரையிலிருந்து, "கம்மல் எத்தினி மாசம் அடகுல இருந்துது, கணக்குப் போடு" என்றார்.

2020 ஜூலையில் வைத்தது, 2022 செப்டம்பரில் மீட்டது. 26 மாதம். மாதத்துக்கு 180 ரூபாய் வட்டி. "4,680 ரூபாய்" என்றேன்.

"அந்தக் காசுக்கு நீ என்ன படிச்சேன்னு எனக்குச் சொல்லு. எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்றார்.

தோழியரே, எந்தத் தேர்வுக்கும் நான் அவ்வளவு அஞ்சியதில்லை. சொல்லி முடிக்க நான்கு மாலைகள் ஆயின.

முதல் மாலை களத்துமேட்டுக்குப் போனோம். தம்பியின் உண்டிவில்லையும் களிமண் உருண்டைகளையும் எடுத்துக்கொண்டேன். ரப்பரை இழுக்கும்போது நம் கை செய்யும் வேலை அதில் ஆற்றலாகச் சேர்ந்துகொள்கிறது. இரண்டு மடங்கு இழுத்தால் ஏறத்தாழ நான்கு மடங்கு ஆற்றல் சேரும். விட்டவுடன் அது உருண்டையின் வேகமாக மாறுகிறது. அதன்பின் உருண்டையை இழுப்பது பூமி மட்டுமே. முன்னே செல்லும் வேகம் மாறாது, மேலே செல்லும் வேகம் குறைந்து குறைந்து, பின் கீழ்நோக்கிப் பெருகும். இரண்டும் சேர்ந்து வளைகோடாகிறது. காற்றின் தடையை விட்டுவிட்டால், விநாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் 45 பாகைச் சாய்வில் எறிந்த உருண்டை 20 மீட்டர் தூரத்தில் விழும். அதுவே மிக அதிகத் தூரம். 30 பாகையில் எறிந்தாலும் 60 பாகையில் எறிந்தாலும் விழுவது ஒரே இடம்தான், சுமார் 17 மீட்டர். ஆனால் முன்னது 2½ மீட்டர் உயரமே போகும், பின்னது 7½ மீட்டர் உயரம் ஏறி இறங்கும். ஆட்டத்தில் கோட்டையின் முன்சுவரை உடைக்கத் தாழ்வாகவும், கூரைமேல் போட உயரமாகவும் எறிவதன் சூட்சுமம் இதுவே.

அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கா இவ்ளோ பேச்சு? நாத்துமுடி எறியிறப்ப பாத்ததில்லையா? தூரத்துல நிக்கிறவளுக்குப் போவணும்னா கொஞ்சம் தூக்கி எறிவோம். ரொம்பத் தூக்கினா கிட்டவே விழுந்துடும்" என்றார். வரப்பில் நின்று நாற்றுமுடிகளை வயலுக்குள் எறிந்து எறிந்து அம்மாவின் கை அறிந்திருந்த 45 பாகையை, நான் புத்தகத்தைப் பார்த்து அவருக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்!

இரண்டாம் மாலை, கோட்டை ஏன் சரிகிறது என்று சொன்னேன். எந்த அடுக்கும் அதன் நிறை மையம் அடித்தளத்துக்கு நேர்மேலே இருக்கும்வரைதான் நிற்கும். கதவைக் கீலின் பக்கம் தள்ளினால் அசைவது கடினம், ஓரத்தில் தள்ளினால் எளிது. அதுபோல உயரமான தூணை அடியில் அடிப்பதைவிட உச்சியில் அடித்தால் எளிதில் கவிழும். கட்டுத் தூக்கி நடக்கிற அம்மாவுக்கு இதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "கட்டு ஒரு பக்கமா சாஞ்சா நானும் அந்தப் பக்கமா நகந்து நிப்பேன்" என்றார். கட்டின் நிறை மையத்தைக் கால்களுக்கு நேர்மேலே கொண்டுவருவதும் அதுதானே!

மூன்றாம் மாலை, "குருவி எப்படிப் பறக்கணும்னு போனுக்கு யாரு சொல்றது?" என்று அம்மாவே கேட்டார். இந்த ஆட்டங்களில் பறவை செல்லும் பாதையை யாரும் முன்கூட்டி வரைந்து வைப்பதில்லை. கணினி ஒரு விநாடியை ஏறக்குறைய 60 கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறிலும் வேகத்தோடு புவியீர்ப்பைக் கூட்டுகிறது, இடத்தோடு வேகத்தைக் கூட்டுகிறது, எது எதன்மேல் மோதுகிறது என்று பார்த்து விலக்குகிறது. அடுத்த கூறில் மீண்டும் அதே கணக்கு. இக்கணக்கைச் செய்யும் "பாக்ஸ் 2டி" என்ற நிரலை எழுதியவர் எரின் காட்டோ. 2006இல் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டு, யாரும் இலவசமாக எடுத்தாளலாம் என்று விட்டுவிட்டார். பின்லாந்து நாட்டின் ரோவியோ நிறுவனம், அதற்கு முன் 51 ஆட்டங்களைச் செய்துவிட்டு, 2009 டிசம்பரில் வெளியிட்ட ஆங்கிரி பேர்ட்ஸ் உலகெங்கும் பரவியதே, அதன் உள்ளே ஓடியது காட்டோவின் கணக்குத்தான். 2011இல் ஒரு மாநாட்டில் காட்டோ எழுந்து, என் நிரலின் பெயரை ஆட்டத்தில் போடுவீர்களா என்று எல்லோர் முன்பும் கேட்க, அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் உழைப்பை எடுத்துக்கொண்டால் அவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதை இச்செய்தியால் உணர்ந்தேன். என் மதிப்பெண்களுக்கு உள்ளே ஓடியது யாருடைய உழைப்பு என்பதையும் அப்போது எண்ணிப் பார்த்தேன்.

இத்தகைய ஆட்டம் புதியதும் அன்று. 1958 அக்டோபரில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில், பார்வையாளர் தினத்தன்று வருகிறவர்கள் சலிப்படையாமல் இருக்க, வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர் சிறிய வட்டத் திரை ஒன்றில் டென்னிஸ் ஆட்டம் அமைத்தார். பக்கவாட்டில் தெரியும் தரை, நடுவில் வலை, புவியீர்ப்புக்கு அடங்கி வளைந்து வரும் ஓர் ஒளிப்புள்ளி, அவ்வளவுதான். மக்கள் வரிசையில் நின்று ஆடினார்கள். அவர் அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றியவர். பின்னர் அணு ஆயுதப் பரவலைத் தடுக்கப் பாடுபட்டார். குண்டின் பாதையையும் பந்தின் பாதையையும் போடுவது ஒரே கணக்குத்தான். எதற்குப் போடுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

நான்காம் மாலை போனை அம்மா கையிலேயே கொடுத்தேன். ரெட் அலைன் என்ற அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் 2010இல் இந்த ஆட்டத்தின் காட்சிகளை ஒவ்வொன்றாக அளந்து, பறவை பாடநூல் விதிப்படியே செல்கிறது என்று காட்டியதையும், அந்த உலகிலும் நம் பூமியின் ஈர்ப்பே இருக்குமானால் அந்த உண்டிவில் 5 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்று அவர் கணக்கிட்டதையும் சொன்னேன். "அடேயப்பா, தென்னங்கன்னு உசரம்!" என்று அம்மா சிரித்தார். பிறகு மஞ்சள் பறவையை எறிந்தார். பறக்கும்போது திரையைத் தொட்டால் அது திடீரென வேகமெடுக்கும். அம்மா நெற்றியைச் சுருக்கினார். "இரு. ரெக்கையும் அடிக்கல, ஒண்ணும் பண்ணல. இதை இப்ப யாரு தள்ளினது?" என்றார்.

நான் வியந்து போனேன். புறவிசை இன்றி இயக்கம் மாறாது என்ற நியூட்டன் விதியை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆயினும் அந்தப் பறவையிடம் அக்கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை. ஆட்டத்திலும் ஒரு பொய் இருக்கிறது. அதை முதல் நாளே கண்டுகொண்டவர் அம்மா. என் பொய்யை மட்டும்தான் அவர் நம்பினார். அது பறவை சொன்னதன்று, மகள் சொன்னது.

தோழியரே, செல்போன் ஆட்டமே ஆகாது என்று நான் சொல்லவரவில்லை. ஞாயிறு மாலைகளில் அரைமணி நேரம் இப்போதும் ஆடுகிறேன், அம்மாவும் உடன் இருப்பார். ஆனால் ஆடும்போது ஏன் விழுந்தது, ஏன் திரும்பியது என்று கேட்டு ஆடினால்தான் அது பாடம். கேட்காமல் ஆடிய அந்த நாட்களில் நான் படித்தேன் என்று சொன்னால் அது இன்றும் பொய்யே. ஆட்டத்தில் தோற்றால் மறுபடி ஆட ஒரு பொத்தான் இருக்கிறது. 26 மாத வட்டிக்கு அப்படி ஒரு பொத்தான் இல்லை.

பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை "பாடம்" என்று சொன்னால், "எனக்கும் சொல்லேன்" என்று ஒரு முறை கேளுங்கள். உங்களுக்குப் புரியாது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

இக்கட்டுரையை ஆண்டு மலருக்குக் கொடுக்கும் முன் அம்மாவிடம் முழுவதும் வாசித்துக் காட்டினேன். "ஈர்க்குச்சி சமாச்சாரத்த எடுத்துடு பாப்பா, எல்லாரும் படிப்பாங்க" என்றார். எடுத்துவிடுகிறேன் என்று பேனாவைத் திறந்தேன். சிறிது நேரம் கழித்து, காதில் இருந்த கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "சரி, இருக்கட்டும் விடு. பொண்ணுங்கதானே, படிக்கட்டும்" என்றார்.