ஒன்றாய்க் குடையப்பட்டவை



என் தகப்பனார் விட்டுச்சென்ற 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார், போதகர் இல்லத்து மாமரத்தடியில் நெடுங்காலம் நின்றதை நீங்கள் அறிவீர்கள். இவ்வாண்டு அதன் எஞ்சினை மீளக் கட்டும் பொறுப்பைக் கொக்குவிலில் உள்ள முதிய மெக்கானிக் ஒருவரிடம் ஒப்படைத்தேன்.

பிரித்துப் பார்த்தபோது அந்த எஞ்சின் ஒரே ஆண்டுக்குரியதாய் இருக்கவில்லை. அதன் பிளாக் 1956 முதல் 1962 வரை வந்த 948 சிசி வகை. மேலே அமர்ந்திருந்த சிலிண்டர் ஹெட்டோ 1962இல் அறிமுகமான 1098 சிசி வகைக்குரியது. பொருளாதாரத் தடையின் நாட்களில், யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தில், கிடைத்ததைக் கொண்டு அப்பா பொருத்துவித்தது அது.

"இதைக் கழற்றிவிட்டு உரியதைத் தேடலாமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் ஐயா, இருக்கட்டும். இதன் எரியறை சற்றுப் பெரியது. அதனால் அழுத்தம் குறையும். மண்ணெண்ணெய்க்கு அது நல்லதாய்ப் போயிற்று. இனிப் பெற்றோலுக்கு இதன் முகத்தைக் கொஞ்சம் சீவினால் போதும். வால்வும் பெரியது, எஞ்சின் நன்றாக மூச்சுவிடும்" என்றார்.

அடுத்து, கிராங்கைத் தாங்கும் மூன்று மெயின் பேரிங் மூடிகளில் நடுமூடி விரிசல் கண்டிருந்தது. அதே 948 சிசி வகை எஞ்சின் ஒன்றிலிருந்து ஒரு மூடியைத் தேடிப்பிடித்து மகிழ்ச்சியோடு கொண்டுசென்றேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"இது அப்படியே சேராது ஐயா. மூடிகளைப் பிளாக்கோடு பூட்டிய பிறகுதான் துளையைக் குடைவார்கள். பாதி வட்டம் பிளாக்கில், பாதி மூடியில். இன்னொரு பிளாக்கின் மூடி மயிரிழை விலகினாலும் கிராங்க் இறுகும், பேரிங் எரியும்."

வேற்று ஆண்டின் ஹெட்டை ஏற்றவர், அதே ஆண்டின் மூடியை மறுத்தார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நினைவு காரைவிட்டு நம் சபைக்குச் சென்றது.

சென்ற ஆண்டு வெள்ளி மாலை ஜெபக்குழுக்களை நான் வட்டாரவாரியாகப் பிரித்தேன். 1995 இடப்பெயர்வில் தென்மராட்சியில் ஒரே கொட்டிலில் தங்கி, அன்றுமுதல் ஒன்றாய் ஜெபித்துவந்த விதவைத் தாய்மார் ஐவரும் அதில் மூன்று குழுக்களுக்குப் போயினர். பட்டியல் காகிதத்தில் அழகாகவே இருந்தது. இரண்டு மாதங்களில் அவர்களில் மூவர் வருவதை நிறுத்தினர். முதுமை என்று எண்ணி நான் விசாரிக்கவும் இல்லை.

மறுநாள் அவர்களுள் மூத்த தாயாரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "எல்லாரும் அன்பாத்தான் இருக்கினம் ஐயா. ஆனால் நான் ஏன் அழுகிறன் எண்டு அங்கை முதலிலிருந்து சொல்ல வேண்டிக்கிடக்கு" என்றார்.

பல உறுப்புகள், ஒரே சரீரம் என்று பிரசங்கிப்பவன் நான். உறுப்புகள் எவ்வாறு ஒன்றுசேர்ந்தன என்று கேட்க மறந்துவிட்டேன். புதியவர் சேரலாகாது என்பதல்ல இதன் பொருள். நான் கொண்டுசென்ற மூடியும் முடிவில் அந்த எஞ்சினில்தான் இருக்கிறது. ஆனால் அதற்காக மூடிகளின் முகங்களைச் சீவி, மூன்றையும் பூட்டி, லேத்துப் பட்டறையில் ஒரே தடவையில் மீண்டும் குடைந்தார்கள். ஒன்று புதிதாய்ச் சேர, பழைய இரண்டும் தம்மை ஒப்புக்கொடுத்தன.

ஐவரின் குழு கடந்த வெள்ளி முதல் மீண்டும் கூடுகிறது. தங்களோடு இளம்பெண் ஒருத்தியையும் சேர்த்துக்கொள்ள அவர்களே கேட்டிருக்கிறார்கள். இம்முறை பட்டியல் எழுதுவது நானல்ல.

ஒருவரையொருவர் தாங்கும் பொறுமையைக் கர்த்தர் நமக்கு அருள்வாராக. ஆமென்.