கேள்வித்தாளில் இல்லாத கேள்வி

அமெரிக்காவில் பிள்ளைத்தாய்ச்சிக்குத் தோழிகள் கூடி ஒரு விருந்து வைக்கிறார்கள். 'பேபி ஷவர்' என்று அதற்குப் பெயர். பரிசு, கேக், விளையாட்டு எல்லாம் உண்டு. கூடத்தை ஏதாவதொரு மோஸ்தரில் அலங்கரித்து, அதற்கு ஏற்றபடி கேள்விகள் கேட்டுச் சரியாகச் சொன்னவர்களுக்கு மிட்டாய் கொடுப்பார்கள். ஒரு வீட்டில் வைக்கிங் மோஸ்தரைப் பிடித்திருந்தார்கள். ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் வடக்குக் கடல்களைக் கலக்கிய அந்த முரட்டு மாலுமிகளுக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. விருந்து என்றால் அப்படித்தான்.

அந்தக் கேள்வித்தாளைத் தயாரித்த பெண் என் சிநேகிதர் மகள். "சரியாயிருக்கிறதா, பாருங்கள் மாமா" என்று எனக்கு அனுப்பியிருந்தாள்.

முதல் கேள்வியிலேயே தகராறு. வைக்கிங்குகள் தலையில் என்ன அணிந்தார்கள்? கொம்பு வைத்த தொப்பி என்று விடை போட்டிருந்தாள். அந்தக் கொம்பைப் பிரபலமாக்கியது 1876-இல் ஜெர்மனியில் பைராய்த் நகரத்தில் நடந்த வாக்னரின் இசை நாடகம். உடைகளை வரைந்த டோப்ளர் என்பவரின் கைவண்ணம் அது. நார்வேயில் 1943-இல் பண்ணையொன்றில் கிடைத்த உண்மையான வைக்கிங் இரும்புத் தொப்பியில் கொம்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

இன்னொரு கேள்வி நன்றாயிருந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்த முதல் ஐரோப்பியக் குழந்தை எது? பழைய ஐஸ்லாந்துக் கதைகளின்படி, ஸ்நோரி என்கிற பையன். அம்மா பெயர் குத்ரிட். பிற்காலத்தில் ரோமாபுரிக்கு யாத்திரை போய்த் திரும்பிய ஸ்திரீ அவள். கதைதானே என்று தள்ளிவிட முடியாது. நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் வைக்கிங் குடியிருப்பு ஒன்றை 1960-இல் கண்டுபிடித்தார்கள். அங்கே வெட்டுப்பட்ட மரங்கள் சரியாக 1021-ஆம் வருஷத்தில் வெட்டப்பட்டவை என்று 2021-இல் நிரூபித்தும் விட்டார்கள்.

கப்பல், கத்தி, கடவுள் என்று எல்லாவற்றையும் பற்றிக் கேள்வி இருந்தது. அந்த வீடுகளில் குழந்தை பிறந்தவுடன் என்ன நடந்தது என்பதைப் பற்றித்தான் ஒன்றும் இல்லை. விருந்தில் கேட்கத் தகாத விஷயம்தான், வாஸ்தவம்.

பிறந்த குழந்தையைத் தகப்பன் ஏற்றுக்கொள்ள வேண்டும். தண்ணீர் தெளித்துப் பெயர் வைக்க வேண்டும். தண்ணீர் தெளித்த பிறகு அதைக் கொன்றால் கொலை. தெளிப்பதற்கு முன்னால் காட்டிலோ மேட்டிலோ போட்டுவிட்டு வந்தால் கேட்பாரில்லை. கி.பி. 1000-ஐ ஒட்டி ஐஸ்லாந்து முழுவதும் கிறிஸ்தவ மதத்தைத் தழுவிய போதுகூட இந்தப் பழக்கத்துக்கு விலக்கு வாங்கிக்கொண்டுதான் தழுவினார்கள். சில வருஷங்களுக்குப் பிறகே அது ஒழிந்தது.

கன்லாக் என்ற கவிஞனைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய கதை ஒன்று உண்டு. அதில் தோர்ஸ்டைன் என்ற பணக்காரன் ஒரு கனவு காண்கிறான். அவனுக்குப் பிறக்கப்போகும் பெண்ணை முன்னிட்டு இரண்டு வாலிபர்கள் மடிவார்கள் என்பது கனவின் பலன். சபைக்குப் புறப்படும்போது மனைவி யோஃப்ரிட்டிடம், "ஆண் என்றால் வளர். பெண் என்றால் வெளியே போட்டுவிடு" என்று சொல்லிவிட்டுப் போகிறான். இல்லாதவர்கள் செய்கிற காரியத்தை இருக்கிற நாம் செய்வதா என்று அவள் வாதாடிப் பார்க்கிறாள். பலிக்கவில்லை.

பெண்தான் பிறந்தது. யோஃப்ரிட் அழுதுகொண்டு உட்காரவில்லை. இடையனைக் கூப்பிட்டுக் குழந்தையைக் கொடுத்து, கணவனின் சகோதரி தோர்கெர்ட்டிடம் குதிரையில் அனுப்பினாள். ரகசியம் வெளியே வராதிருக்க அவனுக்கு வெள்ளி கொடுத்துக் கப்பலேற்றியும் விட்டாள். திரும்பி வந்த புருஷனிடம், சொன்னபடி செய்தாகிவிட்டது என்றாள். ஆறு வருஷம் கழித்துச் சகோதரி வீட்டு விருந்தில் ஓர் அழகான சிறுமியைப் பார்த்து, யார் இது என்று கேட்டான் தோர்ஸ்டைன். உண்மை வெளிவந்தது. கோபிக்கவில்லை. பெண்ணைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போனான். அவள்தான் ஹெல்கா.

கனவும் பலித்தது. வாலிபர்கள் இருவரும் அவளுக்காகச் சண்டையிட்டு மாண்டார்கள். அப்படியானால் தகப்பன் சொன்னதுதான் சரியோ? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சண்டை போட்டவர்கள் கத்தி எடுக்கத் தெரிந்த ஆண்கள். அவர்கள் செய்யப்போவதற்கு, கண் திறக்காத சிசுவை முன்கூட்டியே தண்டிப்பதா? யோஃப்ரிட்டுக்கு அந்தக் கதையில் கிடைத்திருப்பது கொஞ்ச இடம்தான். ஆனால் அந்த இடையன் குதிரையேறியிராவிட்டால், கவிஞனுக்குக் கதையே இல்லை.